தரங்கம்பாடிக்கு ஒரு பகல்



நம் பெண்கள் ஐக்கிய சங்கமும் வாலிபர் ஐக்கியமும் இணைந்து, ஒரு நாள் சுற்றுலாவுக்கான திட்டம் ஒன்றைக் குருசேகரக் குழுவின் முன் வைத்திருக்கின்றன. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பாடு. தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயம், அங்கிருந்து தரங்கம்பாடி, பிறகு வேளாங்கண்ணி, பொழுதிருந்தால் பூம்புகார். இரவு பதினொரு மணிக்குள் வீடு திரும்புதல். திட்டத்தை எழுதிக் கொடுத்தவர்களின் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். கூலி வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஊரைவிட்டு வெளியே போய்வர வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. எனினும் இந்தத் திட்டத்தை இப்படியே ஏற்கலாகாது என்பது என் எண்ணம். ஏன் என்பதைக் குழுவில் சில நிமிடங்களில் சொல்வதைவிட, இந்த வாரத் தியானமாகவே உங்கள் எல்லோர் முன்பும் வைப்பது நலம் என்று தோன்றியது.

யோசுவாவின் புத்தகம் நான்காம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் ஆற்றின் நடுவிலிருந்து கற்களை எடுத்துத் தோளில் சுமந்து வந்தார்கள். அவை கில்காலில் நாட்டப்பட்டன. எதற்காக? பின்வரும் நாளில் பிள்ளைகள் அவற்றைப் பார்த்து, இவை என்ன என்று தகப்பன்மாரைக் கேட்பார்கள் என்பதற்காக. கல் தானாகப் பேசுவதில்லை. பிள்ளை நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், கேட்க வேண்டும். பெரியவர் பதில் தெரிந்தவராகவும் பதில் சொல்லப் பொழுதுள்ளவராகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது ஆற்றங்கரையில் கிடக்கும் வெறுங்கல்தான். நான்கு ஊர்களை ஒரு பகலில் பார்க்கும் பயணத்தில் முதலில் சாவது பிள்ளையின் கேள்விதான். இருபது நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பச் சொல்லி ஒலிப்பான் அடித்துக்கொண்டிருக்கும்போது, எந்தப் பிள்ளை எதைக் கேட்கும்? கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ஓடிவரும், அவ்வளவே.

ஆகவே என் முன்மொழிவு இது: ஒரே ஊருக்குப் போவோம். தரங்கம்பாடி. காலை எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருப்போம். வெயில் சாய்ந்தபின் புறப்படுவோம். வேளாங்கண்ணிக்குப் போக விரும்புகிறவர்கள் வேறொரு நாளில், கத்தோலிக்கச் சகோதரர்கள் அந்த இடத்துக்குத் தரும் மரியாதையோடு, அதற்கென்றே போய்வரட்டும். போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டு வருவது அவர்களுக்கும் மரியாதை ஆகாது, நமக்கும் பயன் ஆகாது.

மயிலாடுதுறையிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்தச் சிற்றூர், நம்மில் பலருக்கு ஞாயிறு பள்ளித் தேர்வில் வந்த ஒரு பெயர். 1706 என்ற ஆண்டோடு சேர்த்து மனப்பாடம் செய்த பெயர். ஊரோ சிறியது. 1792-இல் எழுப்பப்பட்ட நுழைவாயிலைக் கடந்து உள்ளே போனால், கடற்கரை வரை நடந்தே பார்த்துவிடலாம். வலமும் இடமுமாகச் சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், பழைய வீடுகள். தெருவின் கடைசியில் கடலைப் பார்த்த கோட்டை. அதற்கு வடக்கே அலை மோதும் இடத்தில் மாசிலாமணிநாதர் கோயில். முதியோரும் கைக்குழந்தைக்காரிகளும் தளராமல் நடக்கக்கூடிய தொலைவு. ஒரு நாளுக்கு இது போதும் என்பது மட்டுமல்ல. ஒரு நாளில் இதைச் சரியாகப் பார்த்து முடிப்பதே கடினம்.

ஒரு வழிகாட்டி வேண்டும். இதிலும் சிலர் தயங்குகிறீர்கள். நம் ஐயருக்குத் தெரியாதா, அவரே சொல்லட்டும், பணம் ஏன் வீண் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் படித்தது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்தக் கடலோடு வளர்ந்து, 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதைத் தன் கண்ணால் கண்ட ஒருவர் சொல்வது வேறு. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் அமர்ந்து ஏசாயாவைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். வாசிப்பு இருந்தது, ஆயினும் விளக்க ஒருவர் ஏறி அருகே உட்கார வேண்டியிருந்தது. ஆகவே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துவோம். பேரம் பேசாமல் அவருக்கு உரியதைக் கொடுப்போம். ஆனால் ஒன்று: வழிகாட்டி சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு வருவதற்காக அல்ல. அவரிடம் கேட்கத் தெரிந்தவர்களாகப் போவதற்காக.

இந்த ஊரைப் பற்றிச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் முதன்மைகளின் பட்டியல். இந்தியாவுக்கு வந்த முதல் புராட்டஸ்தாந்து மிஷனெரி. முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1715. முதல் தமிழ்க் குரு, 1733. எல்லாம் உண்மை, கேட்கும்போது நெஞ்சு நிமிர்கிறது. எனக்கும் நிமிரும். ஆனால் முதன்மைகளைக் கேட்டு நிமிர்ந்த நெஞ்சோடு மட்டும் திரும்பி வருவோமானால், நாம் போனது நம்மைப் பார்த்து நாமே மகிழ்ந்துகொள்வதற்காக என்றாகிவிடும். தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைக் கட்டி அலங்கரித்தவர்களை நம் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை மத்தேயு 23-இல் வாசிக்கிறோம். கல்லறையை அலங்கரிப்பதில் அவர் குற்றம் காணவில்லை. அதை அலங்கரித்த கை, அந்தத் தீர்க்கதரிசி எதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை மறந்த கை என்பதே அவர் கண்ட குற்றம்.

கோட்டையிலிருந்து தொடங்குகிறேன். தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620-இல் செய்த உடன்படிக்கையின்படி டேனியர் கட்டிய கோட்டை அது. ஓவ கீட் என்ற தளபதி கட்டத் தொடங்கினார். மிளகுக்காகக் கட்டிய கோட்டை, வேதத்துக்காக அல்ல. இதைப் பிள்ளைகளுக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவது நல்லது. டேனியர் வந்து எண்பத்தாறு ஆண்டுகள் வியாபாரம் செய்த பிறகே, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலை 9 அன்று அந்தக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். பர்த்தொலொமேயு சீகன்பால்குவுக்கு மறுநாள்தான் இருபத்து நான்கு வயது நிறைந்தது. மற்றவர் ஹென்ரிக் புளுட்சோ. அவர்களை அனுப்பியது மன்னர். ஆனால் கோட்டையிலிருந்த வியாபாரக் கம்பெனியின் அதிகாரிகளுக்கு அவர்கள் வேண்டாத விருந்தாளிகள்.

இனி நான் சொல்லப்போவதைக் கோட்டைக்குள் நிற்கும்போது வழிகாட்டியிடம் கட்டாயம் கேளுங்கள். 1708 நவம்பரில் சீகன்பால்கு அந்தக் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். நான்கு மாதங்களுக்கும் மேலாக, 1709 மார்ச் வரை. சிறைவாசத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். சுவிசேஷத்துக்காகச் சிறை சென்றார் என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். உடனடிக் காரணம் அதைவிடச் சிறியது. சிறியதாக இருப்பதாலேயே எனக்குப் பெரியதாகத் தோன்றுகிறது. இறந்துபோன ஒரு நாவிதரின் விதவை. அவள் கணவனுக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்த ஒருவனுக்கும் இடையே ஒரு கடன் வழக்கு. அந்த ஏழை விதவைக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்று சீகன்பால்கு மறுபடியும் மறுபடியும் தலையிட்டார். டேனிய ஆலயத்திலேயே தளபதியின் முன் முழந்தாளிட்டு முறையிடும்படி அவளுக்கு யோசனை சொன்னார். தளபதி ஹாசியஸுக்கு இது பொறுக்கவில்லை. வரச் சொல்லி ஆள் அனுப்பினார். எழுத்து மூலமான அழைப்பு வேண்டும் என்றார் சீகன்பால்கு. கைது செய்து கொண்டுபோனார்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். அடைத்துவிட்டார்கள்.

ஒரு நாவிதரின் மனைவி. கடன். அந்தக் காலத்துத் தமிழ்ச் சமூகத்திலும் கம்பெனிக் கணக்கிலும் எந்த மதிப்பும் இல்லாத ஒரு பெண். லூக்கா 18-இல் அநீதியுள்ள நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போன விதவையைப் பற்றி நாம் எத்தனை பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம்! தரங்கம்பாடியில் அந்த உவமை தெருவில் நடந்தது. இதை அறியாமல் கோட்டை மதிலில் ஏறி நின்று கடலைப் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தால், அந்தக் கோட்டையை நாம் பார்த்தோம் என்று சொல்ல முடியுமா? இன்று நம் சபையிலே ரேஷன் அட்டைக்காகவும் விதவை உதவித்தொகைக்காகவும் அலுவலகங்களுக்கு நடையாய் நடக்கும் தாய்மார் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையேனும் அந்தப் பேருந்தில் அழைத்துக்கொண்டு போவோம். கட்டணம் இல்லாமல்.

அடுத்தது சீயோன் ஆலயம். 1701-இல் டேனியர் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. அங்கேதான் 1707 மே 12 அன்று, மிஷனின் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர். ஐவரும் அடிமைகள், ஐரோப்பியர் வீடுகளில் வேலை செய்தவர்கள். நம் சபையின் ஞானஸ்நானத் தொட்டியருகே, பெற்றோரும் ஞானப் பெற்றோரும் பட்டும் சரிகையுமாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த அழகான காட்சியின் தொடக்கம் எங்கே என்று கேட்டால், இங்கே. விலைக்கு வாங்கப்பட்ட ஐந்து மனிதர்கள், தங்கள் எஜமானர் வழிபடும் கோயிலிலே, எஜமானருக்கு இட்ட அதே திரியேக நாமத்தினாலே தண்ணீர் பெற்றார்கள். நீர் அவர்களுடைய தலையைத் தொட்டது. விலங்கைத் தொட்டதா என்பது வேறு கேள்வி. ஞானஸ்நானம் பெற்றதினாலே அடிமை விடுதலை பெற்றுவிடவில்லை என்பது அந்தக் காலத்துச் சட்டம். பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தை அந்த ஆலயத்தின் இருக்கையிலே அமர்ந்து ஒருமுறை வாசித்தால் என்ன? இருபத்தைந்து வசனங்கள்தாம். ஐந்து நிமிடம் ஆகாது.

புதிய எருசலேம் ஆலயம் அங்கிருந்து சில அடிகள். 1717-இல் அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முகப்பில் மன்னரின் பெயர்ச் சின்னத்தைக் காணலாம். அதற்கு முன் 1707-இல் கட்டிய எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுபோயிற்று. பிரதிஷ்டை நடந்து ஐந்து மாதம் நிறையுமுன், 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறாவது வயதில் சீகன்பால்கு மரித்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். உடன் ஊழியர் குருண்ட்லரும் மறு ஆண்டே காலமாகி அங்கேயே உறங்குகிறார். அந்தக் கல்லருகே எல்லோரும் மௌனமாக நிற்போம். நிற்க வேண்டியதே. அதன்பின் வெளியே வந்து, ஆலயத்தின் வடிவத்தைச் சுற்றிப் பாருங்கள்: சிலுவை வடிவம். நான்கு புறமும் நீண்ட கைகள். அந்தக் கைகளில் யார் யார் எங்கெங்கே அமர்ந்தார்கள் என்று கேளுங்கள்.

பதில் இனிமையானது அல்ல. ஆணும் பெண்ணும் தனித்தனியே அமர்வது அந்நாளில் எங்கும் உள்ள வழக்கம்; அது இருக்கட்டும். சாதி இந்துக்களாயிருந்து வந்தவர்களும், பறையர் குலத்திலிருந்து வந்தவர்களும் அந்த ஆலயத்திலும் தனித்தனியேதான் அமர்ந்தார்கள். ஒரே வேதம், ஒரே போதகர், ஒரே கூரை; உட்காரும் இடம் வேறு. சிலுவையின் வடிவிலே கட்டப்பட்ட வீட்டுக்குள் இந்தப் பிரிவு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு முற்றாக ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் நூற்றுக்கணக்கானோர் சபையைவிட்டு வெளியேறினார்கள். வெளியேறியவர்கள் அவிசுவாசிகள் அல்லர். ஞானப்பாட்டுகளைக் கண்ணீரோடு பாடிய குடும்பங்கள்.

இரண்டு மனிதர்களின் பெயரை அந்த ஆலயத்தின் முன் நின்று நீங்கள் சொல்ல வேண்டுமென்று விரும்புகிறேன். ஒன்று ஆரோன். கடலூரைச் சேர்ந்தவர், பழைய பெயர் ஆறுமுகம். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். தமிழரில், இந்தியரிலேயே, புராட்டஸ்தாந்து சபையில் குருவான முதல் மனிதர். இந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். மற்றது ராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் வீரராயிருந்தவர், பிறப்பினால் கத்தோலிக்கர். தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சிட்ட தமிழ் வேதப் பகுதிகள் கைக்குக் கிடைத்து, வாசித்து, வாசித்ததாலேயே திருப்பப்பட்டவர். தானும் வந்து, தன்னோடு பலரையும் கொண்டுவந்தார். உபதேசியாராகித் தஞ்சை நாட்டிலே அடிபட்டும் விரட்டப்பட்டும் பல பத்தாண்டுகள் உழைத்தார். குருப்பட்டத்துக்கு யாரைத் தெரிந்தெடுப்பது என்ற ஆலோசனை நடந்தபோது அவருடைய பெயரும் மிஷனெரிகளின் முன் இருந்தது. அறிவிலும் பக்தியிலும் ஒரு குறையும் அவரிடம் காணப்படவில்லை. ஆனால் அவர் பறையர். அவருடைய கையிலிருந்து திருவிருந்தை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் மனம் ஒப்பமாட்டார்கள் என்று மிஷனெரிகள் எண்ணினார்கள். ஆரோனுக்குப் பிறகு 1741-இல் தியோகு குருவானார். ராஜநாயக்கன் உபதேசியாராகவே இருந்து 1771-இல் மரித்தார்.

இதை வாசித்துவிட்டு மிஷனெரிகளை நியாயந்தீர்க்க நமக்கு அவசரம் வரும். அந்த அவசரம் எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் சபை உடைந்துபோகுமே என்று அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணமானவர்கள் நம் முன்னோர்கள். ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் அந்த வழக்கத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வரவில்லை. அது இங்கே இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீருக்குள்ளும் நனையாமல் இறங்கி, நனையாமல் ஏறி வந்தது. இன்றும் தமிழகத்தில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சுவர் நிற்கும் ஊர்கள் உண்டு. திருமண அழைப்பிதழில் வேத வசனத்தை மேலே அச்சிட்டுவிட்டு, சம்பந்தம் பேசும்போது முதலில் எதை விசாரிக்கிறோம் என்பது நம் ஒவ்வொருவருக்கும் தெரியும். என் கையிலிருந்து அப்பத்தை வாங்கும் நீங்கள், எந்தத் தெருவில் பிறந்தவன் வந்து நின்றாலும் வாங்குவீர்களா? இந்தக் கேள்வியைப் பீடத்திலிருந்து கேட்டால் வழக்கமான பிரசங்கம் என்று கடந்துபோவீர்கள். ராஜநாயக்கன் ஒருநாளும் அப்பம் பிட்க இடம் பெறாத ஊரிலே நின்று கேட்டால் அப்படிக் கடந்துபோக முடியாது. அதற்காகவே அங்கே போவோம் என்கிறேன்.

குழுவிலுள்ள மூத்தவர் ஒருவர், இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மிகுந்த அன்போடு என்னிடம் சொன்னார்: பிள்ளைகளுக்கு இதையெல்லாம் சொன்னால் சபையின் மேலுள்ள மதிப்பு குறையாதா, நல்லதை மட்டும் காட்டிக்கொண்டு வருவோமே என்று. அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வேதம் அப்படிச் செய்யவில்லையே! சங்கீதம் 78-ஐ எடுத்துப் பாருங்கள். பின்சந்ததிக்கு மறைக்கமாட்டோம் என்ற உறுதியோடு தொடங்கும் சங்கீதம், அடுத்து எதைச் சொல்கிறது? தேவனுடைய வல்லமையை ஒரு வரியிலும், பிதாக்களின் முரட்டாட்டத்தை மறு வரியிலுமாக, மாற்றி மாற்றி, எழுபத்திரண்டு வசனங்கள். நெகேமியா 9-இல் எருசலேமின் அலங்கம் கட்டி முடிந்து, ஜனங்கள் மகிழ்ந்திருக்க வேண்டிய மாதத்திலே, இரட்டுடுத்திக்கொண்டு முன்னோரின் அக்கிரமங்களை அறிக்கையிட்டார்கள். அந்தியோகியாவிலே பேதுரு புறஜாதியாரோடு உண்பதை விட்டு விலகிக்கொண்டதையும், பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்ததையும் கலாத்தியர் நிருபம் நமக்காக எழுதி வைத்திருக்கிறது. அப்போஸ்தலர்களில் தலையானவர் பந்தியிலிருந்து எழுந்துபோன செய்தியை மறைக்காத வேதம், நம் தாத்தாக்களின் செய்தியை மறைக்கும்படி நம்மிடம் கேட்குமா? பிள்ளைகளின் விசுவாசம் இப்படிப்பட்ட உண்மைகளால் உடைவதில்லை. நாம் சொல்லாமல் விட்டதைக் கல்லூரிக்குப் போய் மற்றவர் வாயால் கேட்கும்போதுதான் உடைகிறது.

சீகன்பால்கு வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே கொஞ்சம் நிதானமாக உட்காரலாம். வந்த புதிதில் எழுபது வயது தமிழ் ஆசிரியர் ஒருவரை அவர் அமர்த்திக்கொண்டார். அந்த முதியவர் தம் பள்ளிப் பிள்ளைகளோடே மிஷனெரியின் வீட்டுக்கு வந்தார். ஐரோப்பாவில் பல்கலைக்கழகம் பார்த்த இளைஞர், சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அழகப்பன் என்ற உள்ளூர்க்காரர், பல ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர், அவருக்கு மொழிபெயர்ப்பாளராயிருந்து தமிழ்நாட்டின் வழக்கங்களையும் சமயத்தையும் சொல்லிக்கொடுத்தார். இவர்களில் ஒருவரும் இல்லாமல் 1715-இன் புதிய ஏற்பாடு இல்லை. வந்து இரண்டே ஆண்டுகளில் சீகன்பால்கு வாசித்துக் குறிப்பெழுதிய தமிழ் ஓலைச்சுவடிகள் நூற்றுக்கும் அதிகம். திருக்குறளும் அவற்றில் ஒன்று. அச்சு வேலையைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு செய்தி: ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றருகே காகிதப் பட்டறையும் அமைத்தார்கள்.

மாசிலாமணிநாதர் கோயிலையும் பார்ப்போம். இதற்கும் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று அறிவேன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கோயில். ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, வணிகம் இருந்தது, வழிபாடு இருந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. நம் முதல் எருசலேம் ஆலயத்தைக் கொண்டுபோன அதே கடல்தான். உள்ளே போக விரும்பாதவர்கள் வெளியே நில்லுங்கள். போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, அங்கே வணங்க வந்தவர்களுக்கு இடையூறின்றிப் பாருங்கள். அங்கே நின்று சத்தமாக ஜெபிப்பதோ, துண்டுப் பிரதி கொடுப்பதோ வேண்டாம். இது அச்சத்தினால் சொல்வது அல்ல. இன்னொருவர் வீட்டு வாசலில் நாம் காட்ட வேண்டிய பண்பு. தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713-இல் சீகன்பால்கு ஒரு பெரிய நூலே எழுதினார். அதை அச்சிடும்படி அனுப்பியபோது, மிஷனெரிகள் போனது அந்த மார்க்கத்தை அகற்றுவதற்கே அன்றி அதைப் பற்றி ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்ற எண்ணத்தோடு ஹாலேயிலிருந்த ஃபிராங்கே ஒதுக்கி வைத்தார். நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அயலாரை அறியாமல் அயலாரை நேசிக்க முடியாது என்று அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது. அவர் அந்தச் சமயத்தைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை; ஆனால் உழைத்து அறிந்துகொண்டபின் பேசினார் அல்லவா?

ஒரு சிறு செய்தி, வழியில் சொல்வதற்கு. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றார்கள். கோட்டையும் தெருவும் கைமாறின. விற்பனைப் பத்திரத்தில் சபை எந்த விலையில் வைக்கப்பட்டது என்று வாலிபர்கள் வேடிக்கையாகக் கேட்கக்கூடும், கேட்கட்டும்.

இனி நடைமுறை. பேருந்து ஒன்று போதும். ஐம்பது பேருக்கு மேல் வேண்டாம், வழிகாட்டியின் குரல் எட்டாது. மீதமுள்ளோர் இன்னொரு மாதம் போகலாம். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை நாள் உண்டு. அதை விசாரித்துத் தேதியைக் குறிக்கும்படி செயலரைக் கேட்டிருக்கிறேன். நான்கு ஊர் திட்டத்தைவிட டீசல் செலவு குறைவதால், மிஞ்சும் தொகையில் எட்டுப் பேரைக் கட்டணமின்றி அழைத்துச் செல்ல முடியும் என்று பொருளாளர் கணக்கிட்டுச் சொன்னார். அந்த எட்டு இடங்களை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பெண்கள் ஐக்கிய சங்கம் முடிவு செய்யட்டும். நான் தலையிட மாட்டேன். நண்பகலில் கடற்கரை மணல் சுடும்; குடையும் தண்ணீரும் ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டும். சோறு இங்கிருந்தே பொதிந்து கொண்டுபோவோம்.

வர விரும்புகிறவர்கள் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெயரைக் கொடுங்கள். பெயரோடு ஒரு துண்டுத் தாளில், அந்த ஊரைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுங்கள். பிள்ளைகள் எழுதுவதைப் பெரியவர்கள் திருத்த வேண்டாம். கேள்விகளை எல்லாம் தொகுத்து, புறப்படும் முன்பே அவருக்கு அனுப்பிவைப்பேன்.